அவள் பெயரில் ஒரு விற்பனைப் பலகை

பெண் வீட்டில் கேட்ட முதல் கேள்விக்கே நான் உண்மையைச் சொல்லித் தொலைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று என் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். இணையத்தில் பெயர்களை வாங்கி விற்கிறேன் என்றேன். பெண்ணின் தாய்மாமன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பேருன்னா? எந்தப் பேரு?"

விளக்கினேன். கடைக்குப் பெயர்ப்பலகை இருப்பது போல இணையத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முகவரி வேண்டும், அது டாட் காம் என்றோ டாட் இன் என்றோ முடியும். ஒரு பெயரை ஒருவர்தான் பதிந்து வைத்துக்கொள்ள முடியும். வருடா வருடம் கட்டணம் கட்டினால் அது அவருடையது. நாளைக்கு எந்தச் சொல் யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்து, முதலிலேயே பதிந்து வைத்து, ஆள் வரும்போது விற்பது என் தொழில். முடிந்தவரை நிதானமாகத்தான் சொன்னேன்.

"அப்ப ஒருத்தன் வைக்கவேண்டிய பேர நீங்க முன்னாடியே புடிச்சு வச்சுக்கிட்டு, அவன்கிட்டயே காசு கேக்குறீங்க," என்றார் அவர்.

இந்த வாக்கியத்தை நான் பல் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமும் கேட்டிருக்கிறேன். எல்லோரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரிதான் சொல்வார்கள். சொல்கிறவர் யார் என்று பார்த்தால்தான் எனக்கு எரியும். தாய்மாமனுக்கு சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம், மிளகாய் வத்தல். மாசி பங்குனியில் விலை விழுந்து கிடக்கும்போது லாரி லாரியாக வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கிவிட்டு, விலை ஏறியதும் எடுத்து விடுவார். ஒரு மிளகாய் அவர் விதைத்ததில்லை, ஒரு மிளகாய் அவர் அரைத்ததில்லை. அவர் செய்வதற்குப் பெயர் வியாபாரம், நான் செய்வதற்குப் பெயர் பதுக்கல். இதை அவரிடம் அன்று சொல்லவில்லை. பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது.

என் அப்பாவும் அந்தக் கட்சிதான். எழுமலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலம். கடலையும் சோளமும் போட்டுப் பழகிய மனிதர். "வெதைக்காம சும்மா போட்ட நெலத்துக்கு வருசா வருசம் வரி கட்டுறவன எங்கூர்ல கிறுக்கன்னுதான் சொல்லுவோம்," என்று என் நண்பர்கள் முன்னாலேயே சொல்வார். பெண் பார்க்கப் போகும் வழியில்கூட, கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்லிவிடு, அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தலையால் அடித்துக்கொண்டார். எனக்குத்தான் வீம்பு.

அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தனியாகப் பேச எங்களைப் பால்கனியில் விட்டபோது, அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்தது.

"எம் பேரு காலியா இருக்கா, இல்ல அதையும் யாராச்சும் புடிச்சு வச்சுட்டாங்களா?"

அங்கேயே கைபேசியில் தேடிப் பார்த்தேன். அவளுடைய அப்பா இரண்டு தெய்வங்களின் பெயரை ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது, இன்னொருத்திக்கு இருக்க வாய்ப்பே இல்லை. காலியாகத்தான் இருந்தது. "கல்யாணத்துக்கு அப்பறம் எடுத்துத் தாங்க, நான் அதுல கணக்கு வீடியோ போடுறேன்," என்றாள். காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பதியாமல் வருவது எங்கள் தொழிலில் கத்துக்குட்டிகள் செய்யும் வேலை. தெரிந்தே வந்தேன். பூ வைத்து உறுதி செய்கிற அன்று பதிந்து, அந்தத் தேதியோடு அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அந்த மாதிரி ஆசையெல்லாம் எங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு ஒருவன் படக்கூடாது.

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தத் தொழில் செய்கிறவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுகிற அளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை மாடியில் கூடுவோம். ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் கைதட்டினோம். டீ வருவதற்குள் அந்தச் சொல்லில் டாட் காம், டாட் இன் என்று காலியாக இருந்த அத்தனையையும் எங்களில் ஒருவன் பதிந்துவிட்டான். கேட்டால் சிரிக்கிறான்.

மாடியில் உட்கார்ந்து பேசும் பேச்சைக் கேட்டால் புல்லரிக்கும். ஊர் நம்மைத் திருடன் என்கிறது, நாம் சங்கம் வைக்க வேண்டும், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு விளக்க வேண்டும், ஒருவன் பெயரில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது. பேசிவிட்டுக் கீழே இறங்கினால், தங்கள் வீட்டிலேயே உண்மையைச் சொல்லாதவர்கள்தான் எல்லோரும். ஒருவன் மனைவிக்கு அவன் வெப் டிசைனர். இன்னொருவர் மாமனார் வீட்டுக்கு ரியல் எஸ்டேட் புரோக்கர். எங்களில் மூத்தவர், கொட்டாம்பட்டிக்காரர், தன் ஊரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றே பெயர் வாங்கியிருந்தார். அவரிடம் பாலிசி கேட்டு வருகிறவர்களைத் தன் மச்சானிடம் அனுப்பிவிடுவார்.

ஒரு வழக்கமும் உண்டு. குழுவில் ஒருவன் வீட்டில் கல்யாணம், குழந்தை என்று நல்ல செய்தி சொன்னால், அவன் சுதாரிப்பதற்குள் மற்றவர்கள் அந்தப் பெயரைப் பதிந்துவிடுவார்கள். எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்து அவன் அதை மீட்டுக்கொள்ள வேண்டும். விளையாட்டுதான். கொட்டாம்பட்டிக்காரருடைய பேரன் பெயரை நானே ஒருதரம் பதிந்து, பிரியாணி தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அவள் வீட்டில் சம்மதம் சொல்லி, எனக்குப் பெண் முடிவானதைக் குழுவில் போட்டபோது நான் அதை நினைக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு எதுதான் நினைவுக்கு வருகிறது? அவள் பெயரோடு, பூ வைக்கும் நாளோடு சேர்த்துப் போட்டேன். வாழ்த்தும் பூங்கொத்தும் மளமளவென்று வந்து விழுந்தன.

அதே வாரம் யாரோ ஒரு யூடியூப் ஆசாமி, கடைப் பெயர்களை முடக்கிப் பணம் பறிக்கும் கும்பல் என்று ஒரு வீடியோ போட்டான். முகமூடி போட்ட ஒருவன் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். அது சுற்றிச் சுற்றி வத்தல் கடைக்கும் வந்து சேர்ந்தது. தாய்மாமன் என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை.

"மாப்ள, எனக்கு இந்தக் கம்ப்யூட்டரு கத்தரிக்காயெல்லாம் தெரியாது. ஒங்க லைன்ல இருக்கிற நாலு பேரக் கூட்டிட்டு வாங்க. குடும்பஸ்தனா நாலு பேரு வந்து உக்காந்து, ஆமா, நாங்களும் இதான் பண்றோம், இதுல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அக்கா வீட்டுல நான் பேசிக்கிறேன்."

எங்கள் பக்கம் இது பெரிய விஷயம். வரப்புத் தகராறோ கல்யாணப் பேச்சோ, நாலு பேர் வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு தாளும் தேவையில்லை. அவர் என்னை வெட்டிவிட வழி தேடவில்லை, சேர்த்துக்கொள்ள வழி தேடினார். அது எனக்கு அன்றே புரிந்தது.

மாடியில் கூடுகிறவர்களில் நாலு பேரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள். கொட்டாம்பட்டிக்காரர், "இதுக்குப் போயி கெஞ்சுவியா மாப்ள? ஒனக்கு வராம யாருக்கு வாரேன்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் அந்தக் கண்ணீருக்காக என் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வந்தது மூன்று பேர். நாலாவது ஆள், "வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணே, ஆட்டோல இருக்கேன்," என்று போனில் சொன்னான். அந்த ஆட்டோ இன்றுவரை வந்து சேரவில்லை.

வத்தல் கடைக்குப் பின்னால்தான் தாய்மாமன் வீடு. பாய் விரித்து, கேசரியும் மிக்சரும் வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், தாய்மாமன் நடுவில். அவள் அடுப்படி வாசலில் நின்றாள். நான் பார்த்தபோது லேசாகச் சிரித்தாள். ஊர் விசாரிப்பு, மழை விசாரிப்பு எல்லாம் முடிந்ததும் தாய்மாமன் மூத்தவரிடமிருந்து தொடங்கினார்.

"அண்ணாச்சிக்கும் இதே தொழிலுதானா?"

கொட்டாம்பட்டிக்காரர் கேசரியை முழுங்கினார். அந்த வீட்டில் தனக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்களே என்று கணக்குப் போட்டிருப்பார். "நமக்கு மெயினா இன்சூரன்ஸுங்க," என்றார்.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். "நான் ரியல் எஸ்டேட். மேலூர் ரோட்டுல ப்ளாட் போட்டிருக்கோம். மாப்ள நல்ல டைப்பு, பழக்கத்துக்காக வந்தேன்."

மூன்றாமவன் என்னைவிட இளையவன். நான்தான் அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தேன். மாடியில் சங்கம் சங்கம் என்று மேசையைத் தட்டுகிறவன் அவன்தான். "நான் வெப் டிசைன் சார்," என்றான்.

தாய்மாமன் கெட்டிக்காரர். மூன்று பேரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "அப்ப இந்தத் தொழில யாருதான்யா பண்றீங்க?" என்றார்.

நான் மட்டும்தான் என்று சொன்னேன். ஊருக்குத் தெரிந்து ஒரே ஒருவன் செய்கிற தொழில் எப்படி மானமான தொழிலாக இருக்கும்? அவர்கள் மூன்று பேரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஆளுக்கு ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். என்னைக் குப்புறத் தள்ள அது போதுமானதாக இருந்தது.

என்னையும் சும்மா இருக்க விடவில்லை, வீம்பு. இதில் ஒரு நல்லதும் உண்டு என்று காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. தாய்மாமன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாமா, ஒரு நிமிசம் பாருங்க. ஒங்க மருமக பேரையே போடுறேன். காலியா இருக்கும். இப்பவே அவங்க பேர்ல எடுத்துத் தாரேன். நாளைக்கு வேற யாரும் அத எடுக்க முடியாது. இதான் மாமா தொழிலு." அவர் கைபேசியிலேயே, அவர் கண் எதிரிலேயே, அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அவள் அப்பா எட்டிப் பார்த்தார். தன் மகள் பெயர் திரையில் வருவதைப் பார்க்க அவருக்கும் ஆவல்.

பக்கம் திறந்தது. மேலே அவளுடைய முழுப் பெயர். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், ஃபார் சேல். விலை கேட்க ஒரு பொத்தான். அதற்கும் கீழே, இந்த மாதிரிப் பக்கங்களில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் விளம்பரங்கள். உங்கள் ஊரில் தனிமையில் இருக்கும் பெண்களுடன் பேச வேண்டுமா என்று முதல் விளம்பரம் கேட்டது.

அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைப் படிக்கத் தெரியாத வியாபாரி சிம்மக்கல்லில் கிடையாது. அவர் கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "இது என்ன?" என்றார். குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. பிரியாணி விளையாட்டு. வாழ்த்துப் போட்ட விரலாலேயே எவனோ பதிந்திருக்கிறான். பதிந்தவுடன் விற்பனைப் பலகை தானாக விழும்படி எங்கள் எல்லோருடைய கணக்கிலும் முன்பே அமைத்து வைத்திருப்போம். அவன் கெட்ட எண்ணத்தோடுகூடச் செய்திருக்க மாட்டான். குழுவில் உள்ள யாராக இருந்தாலும் இருக்கலாம். இதோ கேசரி தின்றுகொண்டிருக்கிற இந்த மூன்று பேரில் ஒருவனாகவும் இருக்கலாம். நான் மூன்று பேரையும் பார்த்தேன். நான்தான் விளையாட்டுக்கு எடுத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவன் சொன்னால் போதும். எல்லோரும் திட்டுவார்கள், பிறகு சிரிப்பார்கள், பூ வைப்பார்கள். விளையாட்டுக்கு எங்களுக்குள் எடுப்போம் மாமா என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். எங்களுக்குள் என்றால் யாருக்குள் என்று கேட்டார். நான் அவர்களைக் கை காட்டினேன்.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க வேற லைன்," என்றார் ரியல் எஸ்டேட்.

கொட்டாம்பட்டிக்காரர் கை கழுவ எழுந்து போனார்.

வெப் டிசைன்காரன் கொஞ்சம் யோசித்து, உதவி செய்கிற மாதிரிச் சொன்னான். "அண்ணேதான் இந்த மாதிரி நெறைய வச்சிருக்காரு."

அடுப்படி வாசலில் அவள் இல்லை. உள்ளே ஏதோ பாத்திரம் நகர்ந்த சத்தம் கேட்டது. தாய்மாமன் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு கைபேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தார். அதுவரை மாப்ள என்று கூப்பிட்டவர், "கெளம்புங்க தம்பி. சொல்லி அனுப்புறோம்," என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், என் செருப்புக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். "நீங்க பண்ணலன்னு எனக்குத் தெரியும். யாரு பண்ணாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அந்த ஆளு மாமாகிட்ட வந்து ஒத்துக்கிட்டா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்." அதற்கு மேல் ஒரு பெண் என்ன செய்வாள்? எனக்கு அவள் ஒரு கயிற்றைப் போட்டாள். பிடித்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டும்.

பதிந்தவர் விவரம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் மறைத்துத்தான் வைப்போம், ஊருக்குத் தெரியக் கூடாதே. குழுவில் கேட்டேன். எல்லோரும் பார்த்த அடையாளமாக நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. தனித்தனியாகக் கேட்டேன். ரியல் எஸ்டேட் வெப் டிசைனைச் சொன்னார். வெப் டிசைன் கொட்டாம்பட்டிக்காரரைச் சொன்னான். கொட்டாம்பட்டிக்காரர், வராத நாலாவது ஆள் ஏன் வரவில்லை என்று யோசிக்கச் சொன்னார். நாலாவது ஆள் என்னையே சந்தேகப்பட்டான். தாய்மாமனிடம் கூட்டிப் போக எனக்கு ஒருவன்கூடக் கிடைக்கவில்லை. அவளுக்கு அடுத்த தை மாதம் திருமங்கலத்தில் ஒரு மருந்துக்கடைக்காரரோடு கல்யாணம் ஆயிற்று. அவர் நல்ல மனிதர் என்று சொல்கிறார்கள், இருக்கட்டும்.

டீக்கடை மாடிக்குப் போவதை நிறுத்தினேன். குழுவை விட்டு மட்டும் வெளியேறவில்லை. எவனாவது ஒருநாள் வாய் தவறி உளறுவான் என்று உட்கார்ந்திருந்தேன். வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன் என்றே எழுதிக்கொள்கிறேன்.

போன சித்திரையில் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அவள் வகுப்புப் பையன்கள் டீச்சர் பெயரைத் தேடி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கரும்பலகையில், டீச்சர் என்ன விலை என்று எவனோ எழுதி வைத்திருந்தான். "வேற எதுவும் வேணாம். அத மட்டும் எடுக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்," என்று எழுதியிருந்தாள்.

நல்லவேளையாக அந்தப் பெயருக்குக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் வந்து, எடுத்தவன் கட்டாமல் விட்டிருந்தான். பிரியாணி கிடைக்காத பெயருக்கு எவன் கட்டுவான்? அப்படிக் கைவிடப்பட்ட பெயர் ஏலத்துக்கு வரும். கேட்பவர் யார் என்று தெரியாது, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மட்டும் தெரியும். ஒருவரும் கேட்காவிட்டால் பெயர் அழிந்துபோகும். ஆனால் அழிந்த பெயரை மறுபடி எவனும் எடுக்கலாம் என்பதால், நானே எடுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, ஆயுசுக்கும் கட்டணம் கட்டிக்கொண்டு சும்மா வைத்துக்கொள்ள நினைத்தேன். ஒரே ஒரு கேட்பு வைத்தேன்.

மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எங்கள் தொழிலின் புத்தியே அதுதான். ஒருவன் கை தூக்கினால் அந்தப் பெயரில் ஏதோ இருக்கிறது என்று மற்றவனும் தூக்குவான். என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, தூக்கியவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புவான். கேட்கிற தோரணையைப் பார்த்தாலே எனக்கு ஆள் தெரிந்தது, மாடியில் வருடக்கணக்காகப் பார்த்த தோரணைதான். விலை ஏறிக்கொண்டே போனது. தாங்க முடியாமல் குழுவில் எழுதினேன். அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், எனக்கு வேண்டும், அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவாக இருக்கிறது, கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்று எழுதினேன்.

எழுதி முடித்த கொஞ்ச நேரத்தில் விலை இரண்டு மடங்கானது. நிச்சயமாக வாங்குகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று நானே அவர்களிடம் சொல்லிவிட்டேனே. அதற்கு மேல் போக என்னிடம் இல்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பக்கம் பழையபடி திறந்தது. அவள் பெயர், ஃபார் சேல், பொத்தான். இந்த முறை பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு விலையும் போட்டிருந்தது. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் அவள், "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.

அவளுக்கு என்ன எழுதுவது என்று உட்கார்ந்திருந்தபோது கொட்டாம்பட்டிக்காரரிடமிருந்து செய்தி வந்தது. குழுவில் இல்லை, எனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தார்.

"மாப்ள, அந்த டீச்சர் பேரு நம்ம கைக்கு வந்துருச்சு. ஒனக்குப் பழக்கமான புள்ளதான, வாங்கிக்கிறாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு. ஒன் கமிஷன நான் தனியா தந்துர்றேன்."

நான் இரண்டு பேருக்குமே பதில் போடவில்லை. நீல டிக் விழுந்திருக்கும், படித்துவிட்டேன் என்பது மட்டும் அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.